மார்கழிக் குளிருக்கு டிராக் டயருக்குக் கம்பளியா?

லாஸ்பேட்டை லேப்:
ரேஸ் டிராக்ல ஓட்டற மென்மையான டயரை எப்படிப் பத்திரமா வைக்கணும்னு நேத்து கடலூர் கெடிலக்கரை அண்ணன் ஒரு அறிவுரை அருளியிருக்காரு. "7 டிகிரிக்குக் கீழ போனா டிராக் டயர் ரப்பர் வெடிப்பு விட்டுடும், அதனால மார்கழி, தை ரெண்டு மாசமும் கம்பளியில சுத்தி, பக்கத்துல 100 வாட் குண்டு பல்பு எரிய விடுங்க." பிறந்த குழந்தைக்குப் பண்ற மாதிரி! ஜனவரி விடியக்காலையில பாண்டியில 20, 21 டிகிரி இருக்கும். கடலூர்ல மட்டும் பனிமலையா நிக்குது? அது போகட்டும், நம்பரே தப்பு. 7 இல்ல, மைனஸ் 7. படிக்கிற பையன் எவனாவது இதை நம்பி கட்டில் அடியில பல்பு வச்சுத் தொலைக்கப் போறான்.

கெடிலக்கரை:
7-ன்னு நான் சொல்லல தம்பி, ஐரோப்பா பூரா சொல்றான். 7 டிகிரிக்குக் கீழ சம்மர் டயர் ஓட்டாதேன்னு டயர்க்கடை போர்டுலயே எழுதி வச்சிருக்கான். டிராக் டயர் அதைவிட மென்மையான ரப்பர். அப்ப அதுக்கு இன்னும் ஜாக்கிரதை வேணுமா வேண்டாமா? மைனஸை நீங்களா சேர்த்துக்கிட்டா நாங்க என்ன பண்றது.

லாஸ்பேட்டை லேப்:
ரெண்டையும் போட்டுக் குழப்பியாச்சு. பிளஸ் 7 பிடிமானக் கணக்கு. அதுக்குக் கீழ ரோட்டு சம்மர் டயர் இறுகும், பிரேக் தூரம் நீளும், வின்டர் டயருக்கு மாறுங்கன்னு சொல்றதுக்கு வச்ச எல்லை. மைனஸ் 7 வெடிப்புக் கணக்கு. அந்தக் குளிர்ல டிராக் டயரோட ரப்பர் கண்ணாடி மாதிரி ஆயிடும், அப்ப வளைஞ்சா தரையைத் தொடற ரப்பர் கட்டையோட அடியில கீறல் விழும், ஓரத்துல துண்டு துண்டா பேர்ந்து வரும். வாரண்டியும் கிடையாது. ரெண்டுக்கும் நடுவுல 14 டிகிரி இருக்கு அண்ணே. பாண்டியில ரெண்டுமே வராது.

பிரான்ஸ் பாண்டி:
லியோன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், இங்கே இது உண்மையான பிரச்சினை. டயர் கம்பெனி மிஷ்லின் தன் 'கப்' (Cup) வகை டிராக் டயர்களுக்குச் சொல்வது இது: மைனஸ் 7 அல்லது அதற்குக் கீழே கிடந்த டயரை, குறைந்தது 5 டிகிரி உள்ள இடத்தில் 24 மணி நேரம் தானாகச் சூடேற விட வேண்டும். அதுவரை வளைக்கக் கூடாது, மேலே பாரம் ஏற்றக் கூடாது, சூடான காற்றை ஊதவே கூடாது. குளிரில் சும்மா கிடப்பதைவிட, குளிர்ந்த நிலையில் வளைவதுதான் பெரிய ஆபத்து. அதனால் சூடில்லாத கராஜில் வண்டியை அந்த டயர் மேலேயே நிறுத்திவிட்டு, பிப்ரவரியில் இரண்டடி தள்ளிப் பார்ப்பதுதான் இங்கே பலரும் செய்யும் தவறு. குளிர் தொடங்கும் முன்பே ரிம்மோடு கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். இன்னொன்று, மைனஸ் 7 எல்லாருக்கும் பொதுவான கோடு இல்லை. சில ரேஸ் டயர்களுக்கு 0 டிகிரியே எல்லை.

கெடிலக்கரை:
பாத்தீங்களா! 0-ன்னு அவரே சொல்லிட்டாரு. லேப் தம்பி மைனஸ் 7-லயே தொங்கிக்கிட்டு இருந்தீங்களே, இப்ப என்ன சொல்றீங்க?

லாஸ்பேட்டை லேப்:
0 ஆனாலும் நீங்க சொன்ன 7 தப்புதான். சூடான காத்து ஊதவே கூடாதுன்னு அதே பதிவுல இருக்கே, அது கண்ணுல படலையா? பல்பு யோசனை லியோன்லயே செல்லாது, கடலூர் வண்டிப்பாளையத்துல எப்படிச் செல்லும்?

மஞ்சக்குப்பம் மெக்கானிக்:
7-ஐ விட்டுட்டு வேலையப் பாருங்கப்பா. நம்ம ஊர்ல டயரைக் கெடுக்கறது மூணு. வெயில், ரப்பரைக் கீற வைக்கிற ஓசோன் வாயு, தண்ணி. தகர ஷெட்ல சித்திரை வெயில்ல 45 டிகிரி சாதாரணம். ரப்பர் முதுமைக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு, 10 டிகிரி ஏறினா வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. இதுல 100 வாட் பல்பு வேற. பல்பைப் பாத்த பக்கம் மட்டும் இறுகி, ஒரே டயர்ல ரெண்டு ரப்பர் ஆயிடும்.

வைக்கிற முறை இதுதான். கல்லு, மண்ணு நோண்டி எடுத்துட்டு மிதமான சோப்புத் தண்ணியில கழுவணும். டயர் பாலிஷ் தொடவே கூடாது. முழுசா காய்ஞ்ச பிறகு, மத்தியானம் காத்துல ஈரம் குறைஞ்ச நேரமாப் பாத்து, கனமான கறுப்பு பாலிதீன் பையில போட்டு, வேக்குவம் கிளீனரால காத்தை உறிஞ்சி டேப் ஒட்டணும். ஈரத்தோட கட்டினா ரிம் விளிம்புல உப்புப் பூத்து, பீட், அதான் ரிம்மைப் பிடிக்கிற டயர் விளிம்பு, உக்கார்ற இடமே அரிச்சிடும். கடற்கரை ஊர்ல இது நிச்சயம். ரிம்மோட இருந்தா காத்தை 10லேர்ந்து 15 பி.எஸ்.ஐ.க்குக் குறைச்சுப் படுக்க வச்சு அடுக்கலாம், நாலுக்கு மேல வேண்டாம். வெறும் டயர்னா நிமித்தி வச்சு மாசம் ஒருக்கா கால் சுத்து திருப்பணும். தொங்க விடாதீங்க.

உப்பளம் புதுசு:
அண்ணே, மொட்டை மாடி ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்ல நாலு செமி ஸ்லிக், அதான் பள்ளக்கோடு கம்மியா இருக்கற டிராக் டயர், வச்சிருக்கேன். பக்கத்துல தண்ணி மோட்டார் ஓடுது. பரவாயில்லையா?

லாஸ்பேட்டை லேப்:
மோட்டார்னாலே ஓசோன். உடனே எடு.

மஞ்சக்குப்பம் மெக்கானிக்:
எல்லா மோட்டாரும் இல்ல. ஓசோன் பொறியில பிறக்குது. டிரில், இரும்பு அறுக்கற ஆங்கிள் கிரைண்டர், மிக்ஸி, இதுல கார்பன் பிரஷ் இருக்கு, பொறி பறக்கும். வெல்டிங்லயும் வரும். தண்ணி மோட்டார் இண்டக்‌ஷன் வகை, பிரஷ்ஷே கிடையாது. தம்பி, உங்களுக்கு மோட்டாரைவிட ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான் எமன். கீழ இறக்குங்க.

லாஸ்பேட்டை லேப்:
சில சிங்கிள் ஃபேஸ் மோட்டார்ல, வேகம் ஏறினதும் தானா பிரியற சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் இருக்கு, ஸ்டார்ட் ஆகும்போது அதுலயும் பொறி வரும். ஷெட்ல உக்காந்து ஸ்பேனர் பிடிச்சா மட்டும் போதாது.

மஞ்சக்குப்பம் மெக்கானிக்:
ஒரு நாளைக்கு ரெண்டு தடவை சுவிட்ச் பொறிஞ்சு டயர் வெடிக்குமாம். நைட்ரஜன் அடிச்சா பிரஷர் ஏறவே ஏறாதுன்னு போன வருஷம் இங்க பாடம் எடுத்தவர்தானே நீங்க? எல்லா வாயுவும் சூட்டுக்கு ஏறும். நைட்ரஜன்ல ஈரம் இல்ல, அதனால ஏத்தம் ஒரே சீரா இருக்கும், அவ்வளவுதான்.

லாஸ்பேட்டை லேப்:
பழசைக் கிளறாதீங்க. இங்க பேச்சு 7 பத்தி.

கெடிலக்கரை:
ஆமா, 7 பத்திதான். டிசம்பர்ல ரப்பர் இறுக்கத்தை அளக்கற டியூரோமீட்டர் வச்சுக் குத்திப் பாருங்க, ஷோர் ஏ-ங்கற அந்த அளவுல ரெண்டு மூணு புள்ளி ஏறியிருக்கும். குளிர் இல்லாமலா இறுகுது? இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல டயரைச் சூடாக்கற வார்மர் எதுக்கு மாட்டறான்? வேலை இல்லாமலா?

லாஸ்பேட்டை லேப்:
ரப்பர் குளிர்ந்தா புள்ளி ஏறும், சூடானா இறங்கும். பழைய அளவு, புது அளவு ரெண்டையும் ஒரே அறைச் சூட்டுல, அஞ்சு இடத்துல குத்தி சராசரி எடுக்கணும். அப்பவும் ஏறியிருந்தா அது முதுமை, உங்க ஷெட்டோட புண்ணியம். வார்மர் வேற கதை. பள்ளக்கோடே இல்லாத ஸ்லிக் டயர் வேலை செய்யறதே 80 டிகிரிக்கு மேலதான், அதனால ஓட்டறதுக்கு முன்னாடி 80-ல ஒரு மணி நேரம் போர்த்தி வைக்கிறான். மே மாசத்துலயும் மாட்டுவான். முதல் சுத்துல வழுக்கறது வேற, அறையில கிடந்து வெடிக்கறது வேற.

கெடிலக்கரை:
வார்மரும் போர்வைதானே? நான் போர்வைன்னா சிரிப்பு, ரேஸ்காரன் போத்தினா விஞ்ஞானம்.

பிரான்ஸ் பாண்டி:
கெடிலக்கரை அண்ணே, ஓசோன் வெடிப்பையும் குளிர் வெடிப்பையும் பார்த்தாலே பிரிக்கலாம். ஓசோன் கீறல் பொதுவாக மயிரிழை போலச் சன்னமாக, ரப்பர் இழுபடும் திசைக்குக் குறுக்கே பக்கச்சுவரில் வரிசையாக ஓடும். காற்றைக் குறைக்கச் சொல்வதே அந்த இழுவிசையைத் தளர்த்தத்தான். குளிர் வெடிப்பு பெரும்பாலும் தரையைத் தொடும் பகுதியில் ஆழமாக இருக்கும். நீங்கள் வெடிப்பு எதையாவது பார்த்திருந்தால், அது எந்த வகை?

கெடிலக்கரை:
வெடிப்பு வெடிப்புதான் சார். லியோன்ல உக்காந்துக்கிட்டு கடலூர் டயருக்கு ஜாதகம் பாக்காதீங்க. ஊட்டிக்கு வண்டி எடுத்துட்டுப் போறவன் என்ன பண்ணுவான்? தலைகுந்தாவுல உறைபனி விழுதுன்னு வருஷா வருஷம் பேப்பர்ல வருது.

லாஸ்பேட்டை லேப்:
செமி ஸ்லிக் போட்டுக்கிட்டு ஜனவரி விடியலில் ஊட்டியில நிக்கிறவனுக்கு வெடிப்பு ரெண்டாவது கவலை, அடுத்த வளைவு முதல் கவலை. அங்கயும் மைனஸ் 7 இல்ல. மைனஸ். மைனஸ். கண்ணாடி மாட்டிப் படிங்க.

மஞ்சக்குப்பம் மெக்கானிக்:
2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். பாண்டியில ஒரே நாள்ல 46 செ.மீ.க்கு மேல மழை. தரையில டயர் வச்சவன் நிலைமைய யோசிச்சீங்களா? வெள்ளத்துல டீசல், ஆயில் எல்லாம் படலமா மிதந்து வரும். அதுல ஊறினா ரப்பர் உப்பிடும். தரையிலேர்ந்து மூணடி உயரத்துல பலகை போட்டு வைங்க. மார்கழிக்கு முன்னாடி ஐப்பசி, கார்த்திகை வருது.

கெடிலக்கரை:
பாண்டியில தண்ணி நிக்கறதுக்கு நாங்க என்ன பண்றது? பெட்ரோல் விலை கம்மின்னு பீத்திக்கிற ஊருக்கு வடிகால் கட்டக் காசு இல்லையா?

லாஸ்பேட்டை லேப்:
அந்த பெட்ரோல் போடத்தானே கன்னியக்கோவில் தாண்டி வரிசையா வந்து நிக்கிறீங்க.

உப்பளம் புதுசு:
அண்ணே, டயரைக் கீழ இறக்கிட்டேன். 15 பி.எஸ்.ஐ. காலையில குறைச்சு வைக்கணுமா, மத்தியானமா?

மஞ்சக்குப்பம் மெக்கானிக்:
எப்ப வேணா வைங்க. காலைக்கும் மத்தியானத்துக்கும் 9 டிகிரி வித்தியாசம்னு வச்சாலும் 15 பி.எஸ்.ஐ. டயர் 1 பி.எஸ்.ஐ. கூட மாறாது.

லாஸ்பேட்டை லேப்:
முப்பது பி.எஸ்.ஐ.ல இருந்தா ஏறக்குறைய 1.3 மாறும். முழுசாச் சொல்லுங்க.

மஞ்சக்குப்பம் மெக்கானிக்:
அவன் கேட்டது பதினஞ்சு.

கெடிலக்கரை:
தம்பி உப்பளம், பல்பு வேண்டாம்னா விடு, கம்பளியாவது சுத்தி வை. 7-ன்னு நான் சொன்னது 7-தான்.

லாஸ்பேட்டை லேப்:
மைனஸ்.