நாக் வேடத்தில் ஏரன் ஐசன்பெர்க்: நிஜமாகவே நல்ல நடிகரா?

விண்கலவாசி:
நேற்று 'வாட் வீ லெஃப்ட் பிஹைண்ட்' ஆவணப்படம் பார்த்தேன். 'ஸ்டார் ட்ரெக்' விண்வெளித் தொடர்களில் ஒன்றான டீப் ஸ்பேஸ் நைனின் எழுத்தாளர்கள் மறுபடி ஓர் அறையில் உட்கார்ந்து, எட்டாவது சீசன் வந்தால் எப்படித் தொடங்கும் என்று கதை கட்டுகிறார்கள், அதில் கேப்டன் நாக் எடுத்த எடுப்பிலேயே ஒரு வெடிப்பில் இறந்துவிடுகிறான். படம் 2019 மே மாதம் தியேட்டருக்கு வந்தது. செப்டம்பரில் நாக்காக நடித்த ஐசன்பெர்க்கே 50 வயதில் இறந்துவிட்டார். தொடரை அங்கங்கேதான் பார்த்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன்: வேற்றுக்கிரகவாசி வேடம், முகம் முழுக்க ரப்பர், அதற்குள் நடிப்பு என்று என்ன தெரியும்? இறந்தவர் என்பதால் தூக்கி வைத்துப் பேசுகிறோமா?

பழையடேப்:
'ஹார்ட் ஆஃப் ஸ்டோன்' (1995) பாருங்கள். விண்வெளிப் படையான ஸ்டார்ஃப்ளீட்டில் ஏன் சேர வேண்டும் என்று விண்நிலையத் தலைவர் சிஸ்கோ விடாமல் கேட்க, அப்பா மாதிரி ஆகிவிடக் கூடாது என்று ஒரு கட்டத்தில் நாக் உடைந்து கத்துவான். திறமை இருந்தும் தம் அண்ணன் கடையில் அடங்கிக் கிடக்கும் அப்பா. ரப்பருக்குள் கண்ணும் குரலும் மட்டும்தான் ஐசன்பெர்க்குக்கு மிச்சம், அது போதுமாயிருந்தது. அப்புறம் 1998இல் 'இட்ஸ் ஒன்லி எ பேப்பர் மூன்': போரில் ஒரு காலை இழந்த நாக், கற்பனை உலகை நிஜம்போல் காட்டும் ஹோலோசூட் அறைக்குள் ஒளிந்துகொண்டு வெளியே வர மறுக்கிறான். டைட்டிலில் முதன்மை நடிகராக ஒருநாளும் பெயர் வராதவரை நம்பி முழு எபிசோடையும் கொடுத்தார்கள்!

நான்காம்வரிசை:
பாதிப் பெருமை எழுத்தாளர்களுக்கு. முதல் சீசன் நாக் வெறும் திருட்டுப் பையன், சிரிப்புக்கு வைத்தது. ஆனால் ஒன்று, அந்தப் பையனாக நடிக்கத் தொடங்கும்போது இவருக்கு வயது 23 என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிறவியிலேயே சிறுநீரகக் கோளாறு, 17 வயதில் மாற்று அறுவை சிகிச்சை, 2015இல் இன்னொன்று. உடம்பு ஒத்துழைக்காத ஆளின் கோபம் எப்படியிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. இது என் ஊகம்தான்.

பழையடேப்:
ஊகம் சரியாகவே இருக்கட்டும், அதைத் திரையில் கொண்டுவருவது வேறு வேலை. என் குறை, அந்த ஆவணப்படம் மொத்தத் தொடருக்கானது, இவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். தனியாக ஒன்று எடுக்கலாம். 'ஸ்டார் ட்ரெக்: டிஸ்கவரி' தொடரின் மூன்றாம் சீசனில் (2020) ஒரு கப்பலுக்கு நாக் என்றும், அதன் வகைக்கு ஐசன்பெர்க் என்றும் பெயர் வைத்தார்கள், அதுவாவது செய்தார்களே.

விண்கலவாசி:
சரி, இன்றைக்கு 'ஹார்ட் ஆஃப் ஸ்டோன்'. கால் போகிற கதையை முன்கூட்டியே சொல்லிவிட்டீர்களே ஐயா!