டீசல் ரசீதின் பின்பக்கம்

வலைநூல்:
கடலிலேயே பல நாள் தங்கிப் பிடிக்கும் தங்கல் போட்டு ஒன்பதாவது நாள். பாடு, அதாவது வலையில் விழும் மீன், சுத்தமாக இல்லை. திரும்பிவிடலாம் என்றேன். படகை ஓட்டும் ஸ்ராங்கு டீசல் ரசீதைத் திருப்பி, அதன் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டார். முழு விலைக்கு டீசல் என்றால் நஷ்டம். அரசு தரும் டீசல் மானியத்தைக் கழித்தால் கையில் கொஞ்சம் நிற்கும். "அப்ப நாம மீனுக்கா வந்திருக்கோம்ணே, டீசலுக்கா?" என்று கேட்டுவிட்டேன். பதில் சொல்லாமல் வலை மடியை மறுபடி இறக்கச் சொன்னார். ஏறிய மீன்களில் பாதி, ஒரு விரல் நீளம்தான். மீன் குறைந்தால் படகு தானாகக் கரையில் நின்றுவிடும். எங்களை நிற்க விடாதது அந்த மானியம்.

ஐஸ்பெட்டி:
நான் ஏற்றுமதிக்கு மீன் தரம் பிரிப்பவள். ஒரு நாள் காலை அளவுப் பட்டியலில் புதிதாக ஒரு வரி, பழைய கடைசி அளவுக்கும் கீழே. யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும்தான். அன்று என் கையில் வந்த ஒன்றில்கூடச் சினை இல்லை. சினை பிடிக்கும் வயதே அவற்றுக்கு வரவில்லை. வாங்குகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. ஒரு கடல் வறண்டால் சரக்கு வேறு கடலிலிருந்து வந்துவிடும்.

ஆழக்கணக்கு:
வலைநூல், எல்லா மானியத்தையும் ஒரே கூடையில் போடாதீர்கள். நான் ஒரு பருவம் மீன்வள ஆய்வுக் கப்பலில் இருந்தேன். அதுவும் அரசுப் பணம்தான். 2018இல் உலக நாடுகள் கொடுத்த மீன்பிடி மானியம் சுமார் 3,540 கோடி டாலர் என்பது ஒரு மதிப்பீடு. அதில் 2,220 கோடி, பிடிக்கும் திறனைக் கூட்டும் வகை. டீசல் அதில்தான் வரும், அதைச் சொல்லுங்கள். உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் 2022இல் ஏற்கப்பட்டு 2025 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. திருட்டு மீன்பிடிப்புக்கும், அளவுமீறிப் பிடிக்கப்பட்ட இனங்களுக்கும் மானியம் கூடாது என்கிறது. ஆனால் 'அளவுமீறி' என்று அந்தந்த நாடோ வட்டார மீன்வள அமைப்போ ஒப்புக்கொள்ள வேண்டும். கணக்கு இல்லாமல் எதை ஒப்புக்கொள்வது? அதனால் பிடித்த மீனைப் பதியும் குறிப்பேட்டை இனம் வாரியாக, எடை வாரியாக எழுதுங்கள். சின்ன மீனைத் தனியாக எழுதுங்கள். திருப்பிக் கொட்டியதையும் எழுதுங்கள்.

வலைநூல்:
நான் ஆலோசனை கேட்கவில்லையே. சரி, சொன்னீர்கள். குறிப்பேடு எழுதுவது ஸ்ராங்கு. அன்றைக்கு அவர் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். 'கலப்பு மீன்', அவ்வளவுதான்.