வாடகை பாக்கியைக் கட்டிவிடுவது யாருக்கு உதவி?

மாடிவீட்டான்:
வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த குடும்பங்களுக்கு, உள்ளூர்த் தொண்டு அமைப்புகள் ஒரு தடவை பாக்கியைக் கட்டிவிடுகின்றன. காசோலை நேராக வீட்டு உரிமையாளர் பெயருக்குப் போகிறது. அடுத்த மாதமும் அதே வாடகை, அதே சம்பளம். ஓட்டைக் குடத்தில் ஊற்றுகிற நன்கொடைதானே இது?

கணக்கர்:
வேலை போய் ஒரு மாதம் இடறியவருக்கும் ஆஸ்பத்திரிச் செலவில் மாட்டியவருக்கும் அந்த ஒரு தடவையே போதும். சிகாகோவில் இதற்கென ஓர் உதவி எண் இருந்தது. நிதி இருக்கிற நாளில் அழைத்தால் பணம் கிடைக்கும், தீர்ந்த நாளில் அழைத்தால் கிடைக்காது. மற்றபடி இரு தரப்பும் ஒரே மாதிரிக் குடும்பங்கள். ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டு 2016இல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். நிதி இருந்தபோது அழைத்தவர்கள் ஆறு மாதத்துக்குள் வீடற்றோர் காப்பகத்துக்குப் போவது 76 சதவீதம் குறைவு.

மாடிவீட்டான்:
76 என்றால் கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. அடியில் உள்ள எண்ணையும் சொல்லுங்கள் ஐயா. நிதி இல்லாதபோது அழைத்தவர்களிலேயே காப்பகம் போனது சுமார் 2 சதவீதம்தான். அப்படியானால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பேர் எப்படியோ சமாளித்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் சேர்த்தல்லவா செலவு செய்கிறோம்?

கணக்கர்:
எண் சரி. அந்த இரண்டு பேர் யார் என்று முன்கூட்டியே தெரிந்தால் அவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம். தெரியாதே. மிகக் குறைந்த வருமானக் குடும்பங்களிடம் பலன் கூடுதல் என்று அதே ஆய்வு சொல்கிறது, அங்கிருந்து தொடங்கலாம்.

கைகொடுப்பவள்:
"சமாளித்துக்கொண்டார்கள்" என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டீர்கள்! தங்கை வீட்டுக் கூடத்தில் நாலு பேர் படுப்பதும் சமாளிப்பில்தான் சேர்த்தியா? காப்பகக் கணக்கில் அது வராது. பிள்ளைகள் பாதி வருடத்தில் பள்ளி மாறுவதும் வராது.

நான் இப்படி ஓர் அமைப்பில் மனு வாங்கும் மேசையில் உட்காருகிறவள். ஒப்பந்த நகல், நோட்டீஸ், சம்பளச் சீட்டு மூன்றும் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். பாதிப் பேரிடம் ஒப்பந்தமே இருக்காது, வாய்ப்பேச்சுதான். அப்புறம் உரிமையாளரிடம் எழுதி வாங்க வேண்டும்: பாக்கி தீர்ந்தது, வழக்கை வாபஸ் வாங்குகிறேன், இத்தனை மாதம் காலி செய்யச் சொல்லமாட்டேன். அந்தக் கையெழுத்துக்குத்தான் பெரும்பாடு. சிலர் பணமே வேண்டாம் என்பார்கள். பழைய ஆளை அனுப்பினால்தானே வாடகையை ஏற்றலாம்!

மாடிவீட்டான்:
பார்த்தீர்களா, நீங்களே சொல்கிறீர்கள். பணம் வேண்டாம் என்பவரிடம் உங்கள் நிதி என்ன செய்யும்? வக்கீல்தான் வேண்டும். குறைந்த வருமான வாடகைதாரர்களுக்கு வெளியேற்ற வழக்கில் இலவச வக்கீல் என்று நியூயார்க் நகரம் 2017இல் சட்டமே போட்டது. என் காசு அப்படி ஒன்றுக்குப் போகட்டும்.

கைகொடுப்பவள்:
தாராளமாகக் கொடுங்கள், எங்களுக்கும் வக்கீல் பஞ்சம்தான். ஆனால் பாக்கி உண்மையிலேயே இருந்தால் வக்கீல் பெரும்பாலும் தவணைதான் வாங்கித் தருவார். தவணையைக் கட்ட யாரிடம் வருவார்கள் என்று நினைக்கிறீர்கள்?

மாடிவீட்டான்:
சரி, ஒன்று கேட்கிறேன். உரிமையாளர் எழுதிக் கொடுக்காமல் உங்கள் அமைப்பு ஒரு காசோலையாவது அனுப்பியதுண்டா?

கைகொடுப்பவள்:
உண்டு. மறுநாள் காலை வீட்டைப் பூட்ட ஆள் வருகிறது என்றால் அனுப்பிவிட்டுத்தான் கையெழுத்துக்கு அலைவோம்.

மாடிவீட்டான்:
அங்கேதான் எனக்கு இடிக்கிறது.