க்ரோன்ஸ் நோய்க்கு எஸ்சிடி பத்தியம்: முதல் வாரம் என்ன சமைப்பது?

பட்டர்வொர்த் அம்மா
வணக்கம். மகனுக்கு 19 வயது. க்ரோன்ஸ் (குடலில் நாள்பட்ட அழற்சி), சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண். அசாதயோப்ரின் மாத்திரை சாப்பிடுகிறான். மருந்தோடு எஸ்சிடியும் (தானியம், சீனி, மாவுச்சத்தைத் தவிர்க்கும் ‘Specific Carbohydrate Diet’ பத்தியம்) இருந்து பார்க்கலாம் என்று டாக்டர் சம்மதித்துவிட்டார். சோறு, ரொட்டி சானாய், மைலோ எதுவும் ஆகாது என்பது வரை புரிகிறது. முதல் வாரம் அடுப்பில் என்ன ஏற்றுவது? தயிரை 24 மணி நேரம் வைக்கணுமாம், பினாங்கு வெக்கையில் காடியாகிவிடாதா? இட்லி மாவு புளித்ததுதானே, அதையாவது கொடுக்கலாமா?

செந்தூல் செல்வி
இட்லி ஆகாதுக்கா. எவ்வளவு புளித்தாலும் அரிசி, உளுந்தின் மாவுச்சத்து பெரும்பாலும் அப்படியே நிற்கும். குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் போன்ற ஒற்றைச் சர்க்கரையைக் குடல் நேரே உறிஞ்சிக்கொள்ளும். சீனி, பால் சர்க்கரை, மாவுச்சத்து உடைபட்டால்தான் உள்ளே போகும். உடையாமல் மிஞ்சுவது கிருமிகளுக்குத் தீனி என்பது இந்தப் பத்தியத்தின் கணக்கு. 1920களில் நியூயார்க் குழந்தை மருத்துவர் சிட்னி ஹாஸ், சீலியாக் (கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத குடல் நோய்) பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுத்துத் தொடங்கிய வழி இது.

அடுப்பு பற்றவைக்கும் முன் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: ஸ்கேனில் குடல் சுருக்கம் தெரிகிறதா? சுருக்கம் இருந்தால் கொட்டை, விதை, தோல், நார்க்காய் எல்லாம் அடைத்துக்கொள்ளும், பட்டியலில் அனுமதி இருந்தாலும் சரி. எடை, ஹீமோகுளோபின், மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் அளவு) மூன்றையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

முதல் கட்டம் 2 முதல் 5 நாள்தான். அதற்கு மேல் இழுக்காதீர்கள், சத்து போதாது. ஒரு முழுக் கோழி (தோல் எடுத்தது), தோல் சீவிய கேரட் ஒரு கிலோ, வெங்காயம் இரண்டு, 3 லிட்டர் தண்ணீர், உப்பு. சின்னத் தீயில் 3, 4 மணி நேரம். வெங்காயத்தை எடுத்துப் போட்டுவிட்டு, மேலே மிதக்கும் கொழுப்பை வழித்து, கேரட்டை மட்டும் அரைத்துத் திரும்பக் கலக்குங்கள். கேரட் அரைவேக்காடாக இருந்தால் அதுவே வயிற்றைக் கலக்கும். இதோடு அவித்த முட்டை, ஆவியில் வெந்த குராவ் அல்லது பாவால் மீன், வீட்டுத் தயிர். மிளகாய், மசாலா வேண்டாம்.

பிறகு தோல், விதை நீக்கி நன்றாக வேகவைத்த பூசணி, பீன்ஸ். வாழைப்பழம் தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பிறகே, காயாக இருந்தால் மாவுச்சத்து. 3 நாளுக்கு ஒரு புதுப்பொருள். ஒரே நாளில் மூன்றைச் சேர்த்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பிடிக்க முடியாது.

தண்ணீர்மலையான்
தயிர் விஷயம். நம் ஊர் வெக்கை இதற்குப் போதாது! வெளியே 30 டிகிரி, இதற்கு வேண்டியது 38 முதல் 43 வரை. சூடு குறைந்தால் பால் சர்க்கரை முழுக்க உடையாது, சூடு மிஞ்சினால் தயிர்க் கிருமி செத்துவிடும். ரைஸ் குக்கரின் ‘வார்ம்’ சூடு இதைவிட அதிகம், அதில் வைக்காதீர்கள். தயிர் மெஷின், அல்லது விளக்கு மட்டும் எரியும் ஓவன். அதற்குள் சமையல் தெர்மாமீட்டரை வைத்துச் சரிபாருங்கள்.

ஒரு லிட்டர் பாலைப் பொங்கக் காய்ச்சி, 40 டிகிரிக்கு ஆறவிட்டு, கால் கப் வெறும் தயிர் கலந்து 24 மணி நேரம். உறைத்தயிர் டப்பாவில் பால், தயிர்க் கிருமி தவிர வேறு எதுவும் எழுதியிருக்கக் கூடாது. புளிப்பாகத்தான் வரும், அது சரியான அடையாளம். முதல் நாள் ஒரு டீஸ்பூன் போதும். மாட்டுக்காரரிடம் வாங்கும் பாலாக இருந்தால் காய்ச்சுவதில் சோம்பல் கூடாது; அசாதயோப்ரின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும்.

கறிவேப்பிலை கேஎல்
வீட்டில் ஒழுங்காக இருந்தும் பலர் சறுக்குவது டப்பாக்களில். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ அரிசி மாவோ இருக்கும். கிச்சாப்பில் (சோயா சாஸ்) சீனியும் கோதுமையும். லேபிளில் மலாயில் ‘கூலா’ (சீனி), ‘தெப்பொங்’ (மாவு), ‘கஞ்சி’ (மாவுச்சத்து), அல்லது ‘மால்டோடெக்ஸ்ட்ரின்’ (மாவுச்சத்திலிருந்து எடுப்பது) கண்டால் திரும்ப வைத்துவிடுங்கள். தேங்காய்ப்பால் பெட்டியில் பசை சேர்த்திருப்பார்கள், துருவிப் பிழிவதே நல்லது, அதுவும் வயிறு அடங்கிய பிறகு. மாமாக் (தமிழ் முஸ்லிம்) கடைக் குழம்பில் எது கரைத்துக் கெட்டியாக்கினார்கள் என்று கேட்டுப் பயனில்லை. சீனப் பொரியலிலும் சோள மாவு. வெளியே போனால் அவித்த முட்டை, சுட்ட மீன், அவ்வளவுதான்.

சோற்றை நிறுத்தினால் நாளைக்கு 600 கலோரி போல காணாமல் போகும். 19 வயதுப் பையன் வேகமாக இளைப்பான், அதை ‘பத்தியம் வேலை செய்கிறது’ என்று நினைத்துவிடாதீர்கள். நெய் ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி போல, முட்டைக்கு 70. சூப்பில், பூசணியில் நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

ஈப்போ ரோடு
குறுக்கே பேசுகிறேன் என்று கோபிக்க வேண்டாம். 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வில், லேசான, நடுத்தர அறிகுறி உள்ள க்ரோன்ஸ்காரர்களுக்கு எஸ்சிடியையும் மத்தியதரைக்கடல் உணவையும் ஒப்பிட்டார்கள். ஆறாவது வாரம் அறிகுறி அடங்கியவர்கள் எஸ்சிடியில் 46.5 சதவீதம், மற்றதில் 43.5. பெரிய வித்தியாசமில்லை. அதனால் தேதி குறித்து ஆரம்பியுங்கள்: 6 வாரம், 12 வாரம், இரண்டிலும் கால்ப்ரொடெக்டின். வயிறு லேசானதுபோல் தெரிந்தாலும் எண் இறங்காவிட்டால் உள்ளே புண் ஆறவில்லை என்று சந்தேகிக்கணும். மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது.

பட்டர்வொர்த் அம்மா
மிக்க நன்றி. வெள்ளிக்கிழமை வீட்டில் சைவம், முட்டையும் இல்லை. பருப்பு போடலாமா?

செந்தூல் செல்வி
இப்போது வேண்டாம்க்கா. அறிகுறி அடங்கி ஏறக்குறைய 3 மாதம் போன பிறகு மைசூர் பருப்பு, இரவு ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு. கடலைப் பருப்பு, பாசிப்பயறு பட்டியலிலேயே இல்லை. பன்னீரும் வேண்டாம், பால் சர்க்கரை மிஞ்சியிருக்கும். 24 மணி நேரத் தயிரைத் துணியில் கட்டி ஃபிரிட்ஜில் தொங்கவிட்டால் கெட்டிக் கட்டியாகும். வெந்த பூசணி, நெய், இந்தத் தயிர்க்கட்டி: வெள்ளிக்கிழமை மதியம் சமாளிக்கலாம். முதல் 5 நாளுக்குள் வெள்ளி வராதபடி சனிக்கிழமை தொடங்குங்கள்.