டீசல் இன்ஜினுக்குள் ஸ்பீக்கர்: ஒலி மெலிவது ஏன்?

கேள்வி:
நண்பர்களுக்கு வணக்கம். 1:76 அளவிலான பிரிட்டிஷ் கிளாஸ் 37 டீசல் மாதிரி ரயில் இன்ஜினில் லோக்சவுண்ட் 5 டிகோடரையும் (இன்ஜினை இயக்கி, ஒலியும் எழுப்பும் மின்சுற்று), 11க்கு 15 மில்லிமீட்டர் ஸ்பீக்கர் ஒன்றையும் பொருத்தியுள்ளேன். ஒலி வருகிறது, ஆனால் தகர டப்பாவில் அடைபட்ட வண்டைப் போல் மெலிந்து ரீங்கரிக்கிறது. பிழை டிகோடரிலா, ஸ்பீக்கரிலா?

மறுமொழி 1:
இரண்டிலும் இராது என்றே கருதுகிறேன். ஸ்பீக்கரின் பின்புறம் பெட்டியால் முழுமையாக மூடப்பட்டுள்ளதா? சவ்வின் முன்னே எழும் அலையும் பின்னே எழும் எதிரலையும் கலந்துவிட்டால் தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; எஞ்சுவது கீச்சொலி மட்டுமே. கம்பி வெளிவரும் துளையைப் பாருங்கள், பெரும்பாலும் காற்று கசிவது அங்கேதான்.

மறுமொழி 2:
மேலே கூறியது சரி. மின்தடையையும் கவனியுங்கள்: லோக்சவுண்ட் 5 டிகோடர் 4 முதல் 32 ஓம் வரை ஏற்கும். 100 ஓம் ஸ்பீக்கருக்கென வடிவமைக்கப்பட்ட பழைய லோக்சவுண்ட் 3.5 டிகோடரில் 8 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால் ஒலிபெருக்கிச் சுற்று கருகிவிடக்கூடும். (அவ்வாறு ஒன்றை நானே கருக்கியிருக்கிறேன்.)

கேள்வி கேட்டவர்:
கம்பித் துளையில் ஊசி நுழையுமளவு இடைவெளி இருந்தது. பசையிட்டு அடைத்து ஓரிரவு உலரவிட்டேன். இப்போது இன்ஜினின் உறுமல் மேசையிலேயே உணரப்படுகிறது. ஆனால் ஹாரன் ஒலிக்கையில் மேற்கூடு அதிர்கிறது.

மறுமொழி 1:
டிகோடரின் சிவி 63இல் (சிவி என்பது அமைப்புகளை மாற்றும் எண்) மொத்த ஒலியளவைச் சற்றுக் குறையுங்கள். அதிர்வு நீடித்தால், ஸ்பீக்கர் பெட்டி கூட்டைத் தொடும் இடத்தில் மெல்லிய நுரைத்துண்டு ஒன்றை வையுங்கள்.