சுவருக்குள் மீன் தொட்டி: தொங்கும் லைட் ரேக் ஒரு பக்கம் இறங்குகிறது, என்ன செய்யலாம்?

நங்கநல்லூர் முதல் மாடி (கேள்வி):
வணக்கம். எங்களுடையது முதல் மாடி ஃபிளாட். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் உள்ள நாலரை இன்ச் செங்கல் சுவரில் திறப்பு எடுத்து, தொட்டியைப் படுக்கையறைப் பக்கம் இரும்பு ஸ்டாண்டில் வைத்திருக்கிறோம். ஹாலிலிருந்து முன் கண்ணாடி மட்டும் தெரியும். நீளம் 4 அடி, அகலம் ஒன்றரை அடி, உயரம் 2 அடி, 12 மி.மீ. கண்ணாடி. கொளத்தூரில் வாங்கிய ஏஞ்சல் மீன்களும் கொஞ்சம் செடிகளும் இருக்கின்றன.

தொட்டியைச் சுற்றி பிளைவுட்டால் அலமாரி மாதிரி அடைத்து, மேல் பலகையில் கொக்கி போட்டு, எல்இடி லைட் ரேக்கைச் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கிறோம். இப்போது ரேக் இடது பக்கம் நன்றாக இறங்கிவிட்டது. கொக்கியைச் சுற்றிப் பலகை உப்பியிருக்கிறது. ஹால் பக்கம் திறப்புக்கு மேலே பெயின்ட் கொப்பளிக்கிறது. மதியம் தண்ணீர் சூடு 33 டிகிரி வரை போகிறது, மீன்கள் மேலே வந்து வாய் திறந்து நிற்கின்றன. கார்பென்டர் நீளமான ஸ்க்ரூ போட்டால் போதும் என்கிறார். பள்ளி விட்டு வந்ததும் மகள் தொட்டி முன்னால்தான் உட்காருவாள், அதனால் பயமாக இருக்கிறது.

வேளச்சேரி மீன்காரர்:
சார், முதலில் லைட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ரேக்கைக் கழற்றிக் கீழே வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். ஏழெட்டு கிலோ ரேக் கரண்டோடு தண்ணீரில் விழுந்தால் மீன் மட்டுமல்ல, கையை விடுகிறவருக்கும் ஆபத்து. அந்த பாயிண்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் கட்டாயம் போடுங்கள். ஒயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு இறங்கி, பிறகு மேலே ஏறிப் பிளக்கில் சேர வேண்டும். அப்போதுதான் ஒயர் வழியாக வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் வளைவிலேயே சொட்டிவிடும்.

நீங்கள் தனித்தனியாகச் சொன்ன நான்கு தொல்லைக்கும் மூலம் ஒன்றுதான்: பெட்டிக்குள் காற்று போக வழியில்லை. தண்ணீர் ஆவியாகி மேல் பலகையில் படிகிறது, பலகை ஊறுகிறது, ஊறிய பலகையில் ஸ்க்ரூ பிடிக்காது. அதே ஈரம்தான் சுவருக்குள் போய்ப் பெயின்ட்டைத் தூக்குகிறது. லைட்டின் சூடும் உள்ளேயே நிற்கிறது. தண்ணீரில் 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் கரையும், 33 டிகிரியில் 7 சொச்சம்தான். சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவையும் கூடும். மேலே வந்து வாய் திறப்பது அதனால்தான். இன்றைக்கே ஒரு ஏர் பம்ப் கூடுதலாக ஓடட்டும்.

நீள ஸ்க்ரூ போட்டால் அதுவும் கொஞ்ச நாளில் இறங்கும். பிளைவுட் எந்த கிரேடு?

நங்கநல்லூர் முதல் மாடி:
கழற்றிவிட்டேன், நன்றி. பலகையில் எம்ஆர் 303 என்று சீல் இருக்கிறது. ஆர்சிசிபி இல்லை, நாளை எலக்ட்ரீஷியன் வருகிறார்.

அம்பத்தூர் வெல்டர்:
303 எம்ஆர் என்பது ஈரத்தை ஓரளவே தாங்கும் ரகம், உள் அலமாரிக்குப் போதும், தொட்டி மேலே நிற்காது. கொதிநீரையும் தாங்கும் 710 பிடபிள்யூபி மரைன் பிளை போடுங்கள், வெட்டிய ஓரங்களையும் சீல் செய்யுங்கள். ஆனால் எந்தப் பலகையாக இருந்தாலும் ரேக்கின் எடையை அதில் தொங்கவிடாதீர்கள். எடை கான்கிரீட்டுக்குப் போகட்டும். ரூஃபில் ஆங்கர் போல்ட், அதிலிருந்து துருப்பிடிக்காத 304 ஸ்டீல் கம்பிக் கயிறு, மேல் பலகையில் துளை வழியாகக் கீழே இறக்கலாம்.

இன்னொரு யோசனை. பால்கனியில் துணி காயப்போட ரூஃபில் மாட்டுவார்களே, அந்தக் கப்பி செட்டையே மாட்டுங்கள். நைலான் கயிற்றுக்குப் பதில் கம்பிக் கயிறு. தொட்டிக்குள் கை விடும்போது ரேக்கை ஒரு அடி மேலே இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். கயிறு அறுந்தாலும் ரேக் தண்ணீரைத் தொடாதபடி, அளவாக வெட்டிய சங்கிலி ஒன்று தனியாக இருக்கட்டும். இதில் சிக்கனம் வேண்டாம்.

ஸ்டாண்டையும் பார்க்க வேண்டும். தண்ணீர் 300 கிலோ, கண்ணாடி 75, மணலும் கல்லும் 50 என்றாலே 425 கிலோ, ஸ்டாண்ட் தனி. சதுர மீட்டருக்கு 800 கிலோ அளவில் வருகிறது. வீட்டு அறைகளின் தளம் தாங்க வேண்டிய சுமையாக ஐஎஸ் 875 என்ற இந்தியத் தர விதி சொல்வது சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. அது முழு அறைக்கும் பரவலான கணக்கு, உடனே விரிசல் விழும் என்று அர்த்தமில்லை. சுவருக்கு அடியில் பீம் ஓடுகிறதா என்று கட்டட வரைபடத்தோடு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டிவிடுங்கள். திறப்புக்கு மேல் சுவரைத் தாங்கும் லிண்டல் இருக்கிறதா?

நங்கநல்லூர் முதல் மாடி:
லிண்டல் போட்டுத்தான் திறப்பு எடுத்தார்கள் அண்ணா, இரண்டு பக்கமும் சுவருக்குள் ஆறு இன்ச் நீளத்துக்கு உட்கார்ந்திருக்கிறது. படுக்கையறையில் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் இருக்கிறது. அதில் ஆங்கர் போடலாமா?

அம்பத்தூர் வெல்டர்:
ஜிப்சத்தில் வேண்டவே வேண்டாம் தம்பி. அதில் துளை போட்டு மேலே கான்கிரீட்டில் பிடியுங்கள். துளைக்கும் முன் எலக்ட்ரிக் பைப் எந்த வழியாகப் போகிறது என்று கேளுங்கள்.

தாம்பரம் செடித்தொட்டி:
தம்பி, நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். சீலிங்கைத் தொட வேண்டாமென்றால் ஸ்டாண்டின் பின்கால்களை மேலே நீட்டி வெல்டிங் வைத்து, அதிலிருந்து ரேக்கைத் தொங்கவிடலாம். வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதுதான் சரிப்படும். இரும்புக்கு எபாக்சி பெயின்ட் அடித்துவிடுங்கள், இல்லையென்றால் இந்த ஊர்க் காற்றுக்கு வெல்டிங் மூட்டில்தான் முதலில் துரு பிடிக்கும். சொந்த வீடென்றால் கப்பிதான் வசதி, ஒப்புக்கொள்கிறேன். செடிக்கு ஏற்ப லைட் உயரத்தை மாற்றலாம். பாசி கூடினால் கொஞ்சம் ஏற்றிவிடலாம்.

எது செய்தாலும் காற்றுக்கு வழி விடுங்கள். பெட்டியின் ஒரு பக்கம் கீழே ஜாலி, எதிர்ப்பக்கம் மேலே கம்ப்யூட்டரில் வரும் 12 வோல்ட் ஃபேன், காற்றை வெளியே தள்ளும்படி. காற்று தண்ணீர் மேல் உரசிப் போனால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். எல்இடிக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் பெட்டியை அலமாரிக்கு வெளியே மாட்டுங்கள். ஃபேன் ஓடினால் தண்ணீர் வேகமாகக் குறையும், ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். அதனால் குறைந்ததை போர் தண்ணீரால் நிரப்பினால் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) ஏறிக்கொண்டே போகும். ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். ஆனால் வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது வெறும் ஆர்ஓ கூடாது, வழக்கமாக ஊற்றும் தண்ணீரே வேண்டும். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் நீக்கியைக் கலந்த பிறகுதான் ஊற்ற வேண்டும்.

நங்கநல்லூர் முதல் மாடி:
கப்பி முறையே செய்கிறேன். இன்ஜினியர் வந்து பார்க்கும் வரை தண்ணீரைப் பாதிக்குக் குறைத்து வைக்கலாமா?

வேளச்சேரி மீன்காரர்:
வைக்கலாம் சார், ஒரேயடியாக வேண்டாம். இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். ஃபில்டரின் உறிஞ்சு குழாய் தண்ணீருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் குறைந்தால் சூடு இன்னும் சீக்கிரம் ஏறும், தீனியைப் பாதியாக்கிவிடுங்கள். பெட்டியின் பின்கதவு அதுவரை திறந்தே இருக்கட்டும்.