ஓட்டுநர் பக்கம், பயணி பக்கம்

குழு: திருநெல்வேலி வீடு

கோமதி: அறுபதாம் கல்யாணத்துக் குடும்பப் படம் வந்துவிட்டது. ஒருவர் முகத்திலும் சிரிப்பைக் காணோம். சுந்தரம் வேறு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான்.

சுந்தரம்: "அசையாதீர்கள்" என்று போட்டோ எடுத்தவர் அதட்டியதிலேயே பாதி உயிர் போய்விட்டது அக்கா.

மீனா: பெரியம்மா, நான் அனுப்பியிருக்கும் படத்தைப் பாருங்கள். டேவிட் ஹாக்னி எடுத்தது. 1983 ஜனவரி 1, அவருடைய அம்மாவும் நண்பர்கள் இருவரும் ஸ்கிராபிள் ஆடுகிறார்கள், பலகையில் எழுத்துகளை அடுக்கிச் சொல் அமைக்கிற ஆட்டம்.

கோமதி: இதென்னடி, ஒரே ஆளுக்கு இத்தனை தலை? ராவணன் தோற்றான்.

மீனா: ஆட்டத்தில் ஹாக்னியும் ஒரு கை. ஆடிக்கொண்டே எடுத்து, கழுவி வந்த பிரதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டிவிட்டார். யோசிக்கிற முகம், சிரிக்கிற முகம் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. பலகையில் உள்ள சொற்களைக்கூடப் படிக்கலாம்.

கார்த்திக்: நீச்சல்குளம் வரைகிற ஓவியர்தானே இவர்?

மீனா: அவரேதான். 1967இல் வரைந்த 'எ பிக்கர் ஸ்பிளாஷ்' ஓவியத்தில் தண்ணீர் தெறிக்கிறதே, அது இரண்டு நொடிச் சங்கதி. தீட்டி முடிக்க இரண்டு வாரம் பிடித்தது. புகைப்படத்தின் மேல் அவருக்கு இருந்த மனத்தாங்கலும் அதுதான். கேமராவுக்கு ஒற்றைக் கண், அதுவும் ஒரு நொடிதான் திறக்கிறது.

சுந்தரம்: குறை சொல்பவர் ஏன் கேமராவைத் தொட வேண்டும்?

மீனா: 1982இல் பாரிஸில் அவருடைய புகைப்படங்களுக்குக் கண்காட்சி, மாமா. படங்களைத் தேர்ந்தெடுக்க லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டுக்கு வந்தவர் மீந்த போலராய்டு ஃபிலிமை, அதாவது எடுத்த கையோடு பிரதி தருகிற ஃபிலிமை, விட்டுவிட்டுப் போய்விட்டார். ஹாக்னி அதைக் கொண்டு தன் வீட்டையே துண்டு துண்டாக எடுத்து, வெள்ளை விளிம்போடு கட்டம் கட்டமாக அடுக்கினார். பிறகு சில ஆண்டுகள் இதே பித்துதான்.

கார்த்திக்: ஒட்டுவேலை யாருக்குத்தான் வராது?

மீனா: 'பேர்பிளாசம் ஹைவே' பார்த்துவிட்டுச் சொல். 1986, கலிபோர்னியாவின் பாலைவனச் சாலை. 'ஸ்டாப்' பலகையை ஏணியில் ஏறி முகத்துக்கு நேராக எடுத்திருக்கிறார். சாலையின் வலப்பக்கம் முழுக்க அறிவிப்புப் பலகைகள். அது வண்டி ஓட்டுகிறவர் பார்ப்பது. இடப்பக்கம் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவருடையது, சாவகாசமாக அங்கும் இங்கும் பார்ப்பது. எங்கே கிட்டப் போவது, எதை எதன் பக்கத்தில் வைப்பது என்பதெல்லாம் ஓவியனின் கணக்கு. என்னைக் கேட்டால் அவருடைய பல ஓவியங்களைவிட இது ஒரு படி மேல்.

சுந்தரம்: நூற்றுக்கு நூறு உண்மை. கொடைக்கானல் போனபோது நான் வளைவுப் பலகைகளை மட்டும்தான் பார்த்தேன். உங்கள் அத்தை வழிநெடுகக் குரங்கு எண்ணிக்கொண்டு வந்தாள்.

கார்த்திக்: ஓவியமே விலை போகும், மீனா. 1972இல் அவர் வரைந்த நீச்சல்குளப் படம் 2018இல் நியூயார்க் ஏலத்தில் 9 கோடியே 3 லட்சம் டாலருக்குப் போனது.

மீனா: அந்த ஓவியத்துக்கே வித்து, தரையில் தற்செயலாகப் பக்கத்துப் பக்கத்தில் கிடந்த இரண்டு புகைப்படங்கள்!

கோமதி: விலை இருக்கட்டும். அவன் அம்மாவைத் தனியாக எடுத்திருக்கிறானா?

மீனா: இதோ, இங்கிலாந்தில் போல்டன் அபி என்கிற பழைய மடாலயத்தில் எடுத்தது, 1982 நவம்பர்.

சுந்தரம்: கீழ் விளிம்பில் இரண்டு ஷூ முனைகள் தெரிகின்றனவே?

மீனா: எடுத்தவருடையவை மாமா. அவர் எங்கே நின்றார் என்பதும் படத்தில் வந்துவிட்டது.

கோமதி: வயதான அம்மாவை மழைக்கோட்டோடு கல்லறைத் தோட்டத்தில் உட்கார வைத்துவிட்டு ஷூவைப் படம் எடுத்தானாக்கும். குடை பிடிக்க ஒரு ஆள் கிடைக்கவில்லையா அங்கே?